சவரிமுத்து நட்ட ஜன்னல் பெட்டிகள்

1

சின்னக்கானலில் எங்கள் பங்குக் கோயில் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அண்ணன் கேட்டிருக்கிறார். "ஜெர்மனி நாட்டின் அழகைப் பற்றி எழுது, செசிலி. நீ அனுப்பிய காலண்டரில் ஜன்னலுக்கு ஜன்னல் பூ வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி எழுதினாலும் போதும்" என்கிறார். எஸ்டேட் லயத்தில் பாதி வீடுகளின் சுவரில் அந்தப் படங்கள்தான் ஒட்டியிருக்கின்றனவாம்.

சரி, அதைப் பற்றியே எழுதுகிறேன். படிப்பவர்களுக்கு அழகாக இருக்குமா என்று தெரியவில்லை.

இங்கே மே மாதம் பாதி போகும்வரை ராத்திரியில் உறைபனி விழலாம். அதனால் அதற்கு முன்னால் யாரும் பூச்செடியை வெளியே வைக்கமாட்டார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை வரும். ஊரே கிளம்பிச் செடிச்சந்தைக்குப் போகும். தெருவைப் பார்த்த ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் இரும்புச் சட்டத்தில் நீளப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். பால்கனி உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொட்டி தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று பெட்டி, இரண்டு தொங்குதொட்டி. காலியாக வைக்கக்கூடாது. குடிவந்தபோதே வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹூபர் சொல்லிவிட்டார்.

ஹூபர் அம்மாள் எழுபதைத் தாண்டியவர், விதவை, கீழ்த்தளத்தில் இருக்கிறார். இன்று காலை நான் இரவு ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது படிக்கட்டில் நின்று, "இந்த வருடம் என்ன நிறம்?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ராத்திரி அவர் வீட்டில் தூங்கிய என் மகள் ரீத்தா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே, "சிவப்பு. எல்லாரையும் மாதிரி" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் மேலே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

2

நர்ஸ் படிப்புக்கு மலையிலிருந்து பெண்களைக் கூட்டி வந்தபோது நானும் வந்தவள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் முதல் விடுப்பில் போனபோது சவரிமுத்துவைக் கட்டிவைத்தார்கள். எஸ்டேட் பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தார். பச்சைக் கொழுந்தைக் கையில் அள்ளினாலே எத்தனை மணிக்கு வாடி முடியும் என்று சொல்வார். அது அவருக்குப் பெருமை. நான் அவரிடம் முதலில் கவனித்ததும் அந்தப் பெருமையைத்தான்.

அடுத்த வருடம் அவர் இங்கே வந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். மனைவியோடு தங்கலாம், எந்த வேலையும் செய்யக்கூடாது.

"எத்தன நாளைக்குப் புள்ள?" என்று வெளியே வந்ததும் கேட்டார்.

"சில வருசம் ஆகுமாம்."

"வருசமா? அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

பஸ் வந்துவிட்டது.

விடியுமுன்னே நான் வேலைக்குக் கிளம்புவேன். திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே அவர் தலை ஜன்னலில் தெரியும். முதல் வருடம் கையசைப்பார். பிறகு அசைப்பதில்லை. கடையிலோ கோயில் வாசலிலோ யாராவது, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். இந்த ஊரில் பெயருக்கு அடுத்து அதைத்தான் கேட்பார்கள். "வீட்டில்" என்பதற்கு ஜெர்மன் வார்த்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். கேட்டவரும் ஒரு மாதிரியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். இங்கே ஆம்பிளை அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ரீத்தா பிறந்தபின் பரவாயில்லை. அவர்தான் வளர்த்தார். இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை முழுக்க நடப்பார். அவளிடம் ஓயாமல் பேசுவார். யானை எப்படி ஏலக்காட்டுக்குள் இறங்கும், மலையில் மஞ்சுப் பனிமூட்டம் எப்படி ஏறும், இதையெல்லாம் சொல்வார். எங்கள் வீட்டில் இருந்த தமிழ் முழுக்க அவருடையது. நான் களைத்து வந்து படுப்பவள்.

3

செடி வாங்குகிற வேலையும் அவருக்குத்தான் வந்தது. ரீத்தா தள்ளுவண்டியில் இருந்த வருடம் மூவருமாகச் சந்தைக்குப் போனோம். அடுக்கடுக்காகத் தட்டுகளில் செடிகள். பெயர் தெரியாமல் இரண்டு பேரும் விழித்தோம். திடீரென்று அவர் சத்தம் போட்டார்.

"ஏ புள்ள, இங்க பாரு! ஜிமிக்கிப்பூ!"

எங்கள் எஸ்டேட்டில் துரை பங்களா வராந்தாவில் கம்பிக்கூடைகளில் தொங்கும் அந்தப் பூ. சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாக ஆடும். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் வேலி இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். யாரும் தொட்டதில்லை. அவர் விலையைக்கூடக் கேட்காமல் ஆறு செடி எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

மூன்று ஜன்னலிலும் அதையே நட்டார். எங்கள் ஜன்னல்களில் நாள் முழுக்க வெயில் அடிக்கும். அந்தச் செடிக்கு நிழல் வேண்டும். இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கருகிச் சுருண்டுவிட்டது. அவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். வேர் அழுகியதுதான் மிச்சம். கீழ்வீட்டில் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பில் சேற்றுத் தண்ணீர் சொட்டி, ஹூபர் அம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கருகிய செடியையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார்.

அன்று முதல் ஹூபர் அம்மாள் அவருக்கு வாத்தியார் ஆனார். வெயில் ஜன்னலுக்கு ஜெரேனியம். பெட்டியில் நிமிர்ந்து நிற்கும் வகை, தொட்டியில் கீழே வழியும் வகை. நிழல் பக்கத்துக்கு பிகோனியாவும் ஜிமிக்கிப்பூவும். மண்ணில் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாடிய பூவை அன்றன்றைக்குக் கிள்ளிவிட வேண்டும். அம்மாள் சொல்வது இவருக்குப் பாதி புரியும். மீதியைக் கையால் காட்டுவார். அடுத்த கோடையில் எங்கள் மூன்று ஜன்னலையும் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

4

எதிர்வீட்டுப் பெண்மணிக்குத் தோள்வலி. ஈரமண் நிரம்பிய பெட்டியை ஜன்னலுக்கு வெளியே தூக்கி வைக்க முடியாது. "ஹெர் முத்து, கொஞ்சம் உதவ முடியுமா?" என்று கேட்டார். சவரிமுத்து என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, முத்துதான்; முன்னால் ஹெர் என்பது மரியாதைக்கு. அந்த வீட்டில் வைத்துக்கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் கேட்டார். பிறகு பேக்கரிக்கு மேலே இருக்கும் கிழத் தம்பதி. அடுத்த வருடம் எங்கள் தெருவில் அவர் கை படாத ஜன்னல் சிலதான்.

எந்த வீட்டுக்கு எந்தப் பூ என்று தேர்ந்தெடுப்பது அவருடைய பெரிய யோசனை. சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"அந்தக் கெழடுக ரெண்டு பேருக்கும் வெள்ளதான் புடிக்கும். கண்ணு சரியில்லல்ல, சாயங்காலம் வெள்ளப்பூதான் தெரியும். ரயில்வேக்காரருக்குச் செவப்பு வைக்கவான்னா வேண்டாங்காரு. அவரு பொண்டாட்டி வச்சது ஊதாவாம்."

"எப்படிப் புரிஞ்சது உங்களுக்கு?"

"ரீத்தா சொல்லிச்சு."

ஹூபர் அம்மாளிடம் ஜெர்மன் பழகிய நாலு வயசுக் குழந்தை கையில் சின்னப் பூவாளியோடு அவர் பின்னால் போவாள். வீட்டுக்காரர் சொல்வதைத் தமிழில் சொல்வாள், அவர் சொல்வதை ஜெர்மனில் சொல்வாள். இருவரும் மண் வாசனையோடு வீடு திரும்புவார்கள். அந்த இரண்டு கோடைதான் இந்த நாட்டில் நான் நிம்மதியாகத் தூங்கிய காலம். அவர் சாப்பாடு கூடியது. காலையில் எனக்கு முன்னால் எழுந்தார். "நாளைக்கு மூணு வீட்டுல சோலி இருக்கு" என்பார். அந்தச் சோலி என்ற சொல்லை அவர் சொல்லிக் கேட்டு எத்தனை வருடமாகியிருந்தது!

எனக்குப் பயமும் இருந்தது.

"இங்க பாருங்க, யார் கிட்டயும் காசு வாங்கிராதீங்க."

"நான் எங்க கேட்டேன்? அவுகளா கையில வச்சு அமுக்குதாக. வேண்டாம்னா மூஞ்சி சுருங்குது."

காசைவிட வேறுதான் அதிகம் வந்தது. கேக், காப்பித்தூள், இறந்துபோன யாருடைய கம்பளிச் சட்டையோ.

5

ஒரு ஆகஸ்டில் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மனைவியோடு வரவும் என்று மட்டும் இருந்தது. பூ உச்சத்தில் இருக்கும் மாதம் அது.

"வேல குடுக்கத்தான் கூப்புடுதாகளோ?" என்றார்.

வருடங்கள் ஓடியிருந்தன, அதனால் எனக்கும் அந்த ஆசை வந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். நகத்தில் இருந்த மண்ணைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினார்.

அதிகாரி சின்ன வயசு, மரியாதையானவர். எழுந்து நின்று கை கொடுத்தார். பெயர், பிறந்த இடம் எல்லாம் சரிபார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் தெரு வழியாகத்தான் தினமும் வருகிறேன். ஜன்னல்களில் பூக்கள் மிக நன்றாக இருக்கின்றன. அது உங்கள் வேலையா?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொல்ல வாய் திறப்பதற்குள் இவருக்குப் புரிந்துவிட்டது. வேலை என்பதற்கான ஜெர்மன் வார்த்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாம்," என்றார் ஜெர்மனில், தெளிவாக. "என் வேலை."

"அவர் பொழுதுபோக்கு என்று சொல்ல வருகிறார்" என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"நான் அவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டார்" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "எந்தெந்த வீடுகள் என்று கேளுங்கள்."

கேட்காமல் இருந்திருக்கலாம். அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். இவர் விரல்விட்டு ஒவ்வொரு வீடாகச் சொன்னார். எந்த வீட்டில் என்ன பூ, ஏன் அந்தப் பூ என்பது உட்பட. நான் மேஜைக்கு அடியில் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு புள்ள, கேக்காகல்ல" என்றார்.

அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். பணம் வாங்கினாரா என்று கேட்டார். குடுத்தார்கள், வாங்கினேன் என்று இவர் அதையும் சொன்னார். கடைசியில் அதிகாரி என்னிடம் விளக்கினார். யாரோ தெரியப்படுத்தியிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்திருக்கிறார். தங்கும் அனுமதி இனி நீட்டிக்கப்படாது. மாதக் கடைசிக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். எனக்கும் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரிக்கு நான் தேவைப்படுகிறேன். எழுந்து நின்று மறுபடி இருவருக்கும் கை கொடுத்தார்.

வெளியே நீளமான நடைவழி. இவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"என்னைக்கு வேலைக்கு வரச் சொன்னாக?"

அந்த நடையில் வைத்துத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சுவரோரம் இருந்த பெஞ்சில் துருக்கிக் குடும்பம் ஒன்று உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. முழுக்கக் கேட்டார். பொத்தானில் இருந்து கை எடுக்கவில்லை.

"சாரமில்ல, போவட்டும் புள்ள," என்றார். "வா, வீட்டுக்குப் போவோம். ரீத்தா தேடும்."

6

எங்கள் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கன்னியர் தலைவி நேரில் போய்ப் பேசினார். ஹூபர் அம்மாள் தொப்பி வைத்துக்கொண்டு தானே அலுவலகத்துக்குப் போய், "அவன் என் மாணவன், என் வீட்டுப் பிள்ளை" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நானும் வாரேங்க. மூணு பேரும் போயிருவோம்" என்றேன்.

"வந்து? லயத்துல ஒத்த ரூம்புல எங்கண்ணன் குடும்பம் கெடக்கு. அங்க போயி நீயும் புள்ளயும் எங்க படுப்பீக? ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியறது ஒன்னாலதான. நீ இரு. நான் திரும்பி வர வழி பாரு."

அதற்குப் பிறகு அவர் தெருவில் இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி பால்கனியிலிருந்து, "ஹெர் முத்து, என் பெட்டூனியா வாடுகிறதே!" என்று கூப்பிட்டார். இவர் தலையசைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அவர் விமானம் ஏறிய பிறகும் தெருவில் அத்தனை ஜன்னலிலும் பூ நின்றது. அக்டோபர் குளிர் வரும்வரை அவர் தேர்ந்தெடுத்த நிறங்களின் நடுவில் நான் வேலைக்குப் போய் வந்தேன்.

அலுவலகத்தில் யார் சொல்லியிருப்பார்கள்? அவர் பெட்டி தூக்கிவைத்த வீடா, வைக்காத வீடா? எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். எல்லாருக்கும் பதில் வணக்கம் சொல்கிறேன். ஒவ்வொரு ஜன்னலாக நிமிர்ந்து பார்க்கும்போதும் அந்தக் கேள்விதான் வருகிறது. இன்றுவரை தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

அடுத்த மே மாதம் ரீத்தாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவர் முதன்முதலில் சத்தம் போட்டு வாங்கிய அந்தச் செடி இருந்த தட்டின் முன்னால் நின்று, "இதுக்கு அப்பா என்ன பேர் சொல்வாங்க, ஞாபகம் இருக்கா?" என்று தமிழில் கேட்டேன். அவள் ஜெர்மனில் அந்தச் செடியின் பெயரைச் சொன்னாள். "அது இல்லடா, அப்பா சொல்ற பேர்." கொஞ்சம் யோசித்தாள். தெரியாது என்று தலையை ஆட்டினாள். சிவப்பு ஜெரேனியம் வாங்கி வந்தோம்.

பள்ளிக்கூட டீச்சர் வேறு, குழந்தை வகுப்பில் பின்தங்கக்கூடாது என்றால் வீட்டிலும் ஜெர்மன் பேசுங்கள் என்றார். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவள் ஹூபர் அம்மாளிடம்தான் இருந்தாள். தமிழ் எந்த நாளில் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் பதில் சொல்வதை நிறுத்தினாள். பிறகு கேட்டாலும் புரியவில்லை.

7

இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். கடைசியாகப் போன விடுப்பில் ரீத்தாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மூணாறு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. பேக்டரியில் அவர் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. ஏலக்காட்டில் கூப்பிட்ட நாளைக்கு வேலை. "வா தாயி, அப்பாட்ட வா" என்று கையை நீட்டினார். ரீத்தா என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த விடுப்பு முழுவதும் நான் இருவருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் அடுப்படிக்குப் போனால் அப்பாவும் மகளும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சாயங்காலம் மஞ்சு வாசல்வரை வந்து நின்றபோது அவள், "நாம் எப்போது வீட்டுக்குப் போவோம்?" என்று என்னைக் கேட்டாள்.

"என்ன சொல்லுது புள்ள?"

"பசிக்குதாம்" என்றேன்.

உடனே எழுந்து அந்த மஞ்சுக்குள் நடந்து கடைக்குப் போய்ப் பன் வாங்கி வந்தார். பசியில்லாத பிள்ளை மரியாதைக்காக முழுசாகத் தின்றது.

கிளம்புவதற்கு முந்தின நாள், மறுபடி எழுதிப்போடுகிறேன், இந்தத் தடவை வக்கீல் வைத்துப் பார்க்கலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார்.

"அங்க வந்தா மறுபடி அந்தச் சன்னல்ல ஒக்காரணும். அந்தாளு ஒன் வேலையான்னு கேட்டப்ப ஆமான்னு சொன்னேன்ல புள்ள. இப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க."

நான் அழுதேன், சண்டை போட்டேன். அவர் அசையவில்லை.

காலையில் ஜீப் வந்தது. சாமான் ஏற்றியபின் அவர் ரீத்தாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழில் நிறையப் பேசினார். அவள் கடைசிவரை கேட்டாள், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் முடித்ததும் தன் கையை உருவி, நேராக நீட்டி, அவரோடு கைகுலுக்கினாள். அவரும் குலுக்கினார். ஜீப் கிளம்பியது.

சூரியநெல்லித் திருப்பம் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

நல்லாப் படி, அம்மாவைப் பார்த்துக்கொள் என்பதையெல்லாம் சொன்னேன். அவர் இரண்டு மூன்று தரம் திரும்பத் திரும்பச் சொன்னதையும் சொன்னேன்.

"தன்னை மறந்துவிடாதே என்றார்."

ரீத்தா அதை நன்றாக யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"முயற்சி செய்கிறேன்" என்றாள்.